நட்சத்திரம் ஏன் கோடாக இழுக்கிறது? மோட்டார் மவுண்ட் பழகுபவர்களுக்கு

டெலஸ்கோப் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, அதை எதன்மேல் வைக்கப் போகிறீர்கள் என்றுதான். நிலாவையும் சனியின் வளையத்தையும் கண்ணால் பார்க்க ஓரளவு உறுதியான முக்காலி போதும், கொஞ்சம் ஆடினாலும் கண் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கேமராவை மாட்டி, ஓரியன் நெபுலா போன்ற மங்கலான வாயு மேகத்தைப் படமெடுக்கப் போகிறேன் என்றால் டெலஸ்கோப் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு வானத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிற மோட்டார் மவுண்ட்தான் படத்தை எடுக்கிறது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. கையில் இருக்கும் பணத்தில் பாதியை மவுண்டுக்கு ஒதுக்குங்கள் என்பேன். கேட்பவர்கள் முகம் சுருங்கும், பரவாயில்லை.

இதில் எல்லாமே ஒரே ஒரு எண்ணைச் சுற்றித்தான் வருகிறது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. நாம் சொல்லும் 24 மணி சூரியனை வைத்துப் போட்ட கணக்கு, நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் நாலு நிமிடம் குறைகிறது. இந்த நேரத்தில் 360 டிகிரி என்றால் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட். பத்து ரூபாய் நாணயத்தை ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த வேகத்தில் இரண்டே நிமிடத்தில் வானம் ஒரு முழு நிலாவின் அகலத்துக்கு நகர்ந்துவிடும்.

கேமராவில் இது என்ன செய்யும்? சாதாரண டிஎஸ்எல்ஆர் ஒன்றின் பிக்சல் 4.3 மைக்ரான், லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 206.3ஐ பிக்சல் அளவால் பெருக்கி அந்தக் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டைப் பிடிக்கிறது என்று வரும். இங்கே 4.4. அதாவது 0.3 நொடியில் நட்சத்திரம் ஒரு பிக்சலைத் தாண்டிவிடுகிறது, 30 நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் 100 பிக்சல் நீளத்துக்குக் கோடு விழும். நெபுலாவின் வெளிச்சம் தெரிய ஒவ்வொரு படமும் இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும், அப்படிப் பத்து இருபது படங்களை அடுக்க வேண்டும். அதனால் அந்த 15ஐ யாராவது எதிர்த்திசையில் சுற்றி ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். மவுண்டின் வேலை அவ்வளவுதான். நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் கடிகாரம், முள்ளுக்குப் பதிலாக டெலஸ்கோப்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1824இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர், இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என்று சொல்லப்படும் ஊரின் ஆய்வகத்துக்குச் செய்துகொடுத்த டெலஸ்கோப்பில், கீழே இறங்கும் எடை ஒன்று கடிகார இயந்திரத்தை ஓட்ட, அது டெலஸ்கோப்பை வானத்தோடு திருப்பியது. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் எதிர் எடை என்ற அந்த அமைப்பைத்தான் இன்றும் ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட் என்கிறோம். எடையின் இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார் வந்திருக்கிறது, மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அதேதான்.

இடமும் வலமும் திரும்பி, மேலும் கீழும் போகும் சாதாரண மோட்டார் மவுண்ட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது நட்சத்திரத்தை நடுவில் வைத்துக்கொள்ளும், ஆனால் படத்தின் நான்கு மூலைகளும் நடுவைச் சுற்றி மெல்லச் சுழலும். ஓரியன் எழும்போது ஒரு மாதிரியும் மறையும்போது வேறு மாதிரியும் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சுழற்சிதான் படத்திலும் விழுகிறது. கோள்களைப் பிடிக்க அது தொந்தரவில்லை. நெபுலாவுக்கு, ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்த மவுண்ட்தான் சுகம். சாய்த்து வைத்த அந்த அச்சு ஆர்.ஏ. அச்சு, அதற்குக் குறுக்கே இருப்பது டெக் அச்சு. பின்தொடரும் வேலை முழுக்க ஆர்.ஏ. உடையது. டெக் சும்மா நிற்க வேண்டும், அவ்வப்போது ஒரு சின்னத் திருத்தம் கொடுத்தால் போதும்.

நம் ஊர் அட்சரேகையில் வரும் சிக்கல்

மவுண்டோடு வரும் கையேட்டைத் திறந்தால் ஆர்.ஏ. அச்சு கம்பீரமாக வானத்தை நோக்கி 40, 50 டிகிரியில் நிற்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டு நம் மாடியில் வைத்தால் ஏதோ உடைந்து விழுந்த மாதிரி இருக்கும். அச்சின் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு: சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் இதே கதிதான். அதன் அச்சும் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கும், அதற்குத் தோதாகக் குதிரை லாட வடிவ மவுண்ட் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை, ஜெர்மன் மவுண்டைத்தான் படுக்க வைத்து ஓட்ட வேண்டும்.

படுக்க வைத்தால் என்ன ஆகும்? எதிர் எடைத் தண்டு நேரே கீழே தொங்கி முக்காலியின் வடக்குக் காலை ஒட்டி நிற்கும். என் முதல் இரவில் இது எனக்குத் தெரியாது. கிழக்கில் எழுந்துகொண்டிருந்த ஓரியனுக்குப் போ என்று பட்டனை அழுத்திவிட்டுக் கேமரா கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன், பின்னால் டட்டட்டட்டென்று ஒரு சத்தம். எடை காலில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மோட்டார் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் இப்படித் தடுமாறினால் உடனே எதுவும் உடையாது, ஆனால் எத்தனை படி நகர்ந்தோம் என்ற கணக்கு தப்பிவிடும். கணக்கை மட்டுமே நம்பி ஓடும் மவுண்டுக்கு அதற்குப் பிறகு தான் எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாது. பவரை நிறுத்தி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதற்கு மாற்று: முக்காலியைத் திருப்பி, ஒரு கால் தெற்கே இருக்க இரண்டு கால்கள் வடகிழக்கிலும் வடமேற்கிலும் வரும்படி வையுங்கள். சில முக்காலிகளில் மவுண்டைத் திசைப்படுத்தும் குமிழைக் கழற்றி வேறு துளையில் மாட்டினால் இது நடக்கும். அப்படிச் செய்யும்போது பாரம் வடக்கே தள்ளி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது, கால்களை முழுதாக விரித்து நடுத்தட்டை இறுக்கிய பிறகுதான் டெலஸ்கோப்பை ஏற்ற வேண்டும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு குட்டைத் தூண் கிடைத்தால் இன்னும் நல்லது. தலைக்கு நேர்மேலே பார்க்கும்போது குழாயின் வால் காலில் இடிப்பதும் அதோடு தீரும். வாங்கும் முன்பே மவுண்டின் அட்சரேகை வரம்பைப் பாருங்கள். உங்கள் ஊரின் எண் அதற்குள் வராவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

சாய்வைக் கூட்டிக் குறைக்க முன்னும் பின்னும் இரண்டு போல்ட் இருக்கும். ஒன்றைத் தளர்த்தாமல் இன்னொன்றை முறுக்கினால் போல்ட் வளைந்துவிடும். அச்சு படுத்துக் கிடக்கும் நம் ஊரில் பாரம் முழுக்க அந்த போல்ட்மேல் இறங்குவதால், சாய்வை உயர்த்தும்போது ஒரு கையால் மவுண்டின் தலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கைப் பிடிப்பது

போலார் அலைன்மென்ட் என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான்: ஆர்.ஏ. அச்சின் முனை, வானத்தில் எந்தப் புள்ளியைச் சுற்றி எல்லாம் சுழல்கிறதோ அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் அந்தப் புள்ளியில் இல்லை, அதைவிட்டு நிலாவின் அகலத்தைக் காட்டிலும் கொஞ்சம் அதிகமாகவே தள்ளி நின்று அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. அதனால்தான் மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கியில் கடிகார முகம் மாதிரி ஒரு வட்டம் வரைந்திருப்பார்கள். இந்த நேரத்துக்குத் துருவ நட்சத்திரத்தை வட்டத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று கைபேசிச் செயலி சொல்லும், போல்ட்டைத் திருகி அங்கே கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு துல்லியம் தேவை? அச்சு ஒரு டிகிரி தள்ளியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 ஆர்க்செகண்ட் வரை விலகிப் போகும். 5 ஆர்க்நிமிடத்துக்குள் (ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்நிமிடம்) கொண்டுவந்துவிட்டால் அது நிமிடத்துக்கு 1.3 ஆகக் குறையும், தொடக்கத்துக்கு இது தாராளம். முதல் இரவே அரை ஆர்க்நிமிடத்துக்காக மணிக்கணக்கில் போல்ட்டோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பத்துப் படம் எடுத்திருக்கலாம்.

நம் பக்கத்துச் சங்கடம், துருவ நட்சத்திரம் அடிவானத்தில் கிடப்பது. மதுரையில் 10 டிகிரி உயரம் என்றால், நீட்டிய கையின் முஷ்டி அகலம்தான். தென்னை மரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஊரின் புழுதி மூட்டம் எல்லாவற்றையும் தாண்டித் தெரிய வேண்டும். அந்த உயரத்தில் காற்றே ஒளியை வளைத்து நட்சத்திரத்தை 5 ஆர்க்நிமிடம் மேலே தூக்கிக் காட்டும் என்பது இன்னொன்று. தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கேமராவை மவுண்டோடு இணைத்து, வானத்தில் வேறு எங்கோ மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் வசதி நினா போன்ற இலவச மென்பொருள்களில் இருக்கிறது. வடக்கே சுவர் இருந்தாலும் வேலை செய்யும். கணினி வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய டிரிஃப்ட் முறை உண்டு: தெற்கே உச்சிக்கு அருகில் ஒரு நட்சத்திரத்தையும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவை வடக்கு தெற்காக எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவது. பொறுமை வேண்டும். ஆனால் ஒரு முறை இதைச் செய்தால் மவுண்ட் எப்படி யோசிக்கிறது என்று கைக்கே புரிந்துவிடும்.

திசைகாட்டியை முதல் அடிக்கு மட்டும் நம்புங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பியும் இரும்பு முக்காலியும் ஊசியை எங்கேயாவது இழுத்துவிடும். ஒரு நல்ல இரவில் சரியாக வடக்கைப் பிடித்த பிறகு, முக்காலிக் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் மூன்று பெயிண்ட் பொட்டு வைத்துவிடுங்கள், அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சம். வடாம் காயப்போடும் இடத்தில் எதற்கடா பொட்டு என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பல பேர் முதல் நாளில் மாட்டுவது. சில மவுண்டின் கன்ட்ரோலர், அதாவது பட்டன்கள் உள்ள கைக்கருவி, தேதியைக் கேட்கும்போது மாதத்தை முதலில் கேட்கும். நாம் பழக்கத்தில் மார்ச் 5ஐ 05/03 என்று போடுவோம், அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் தப்பினால் வானம் 60 டிகிரி தப்பும், டெலஸ்கோப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கும். நேர மண்டலம் +5:30, கோடை நேர மாற்றம் இல்லை என்று போடுவதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசும் பற்சக்கரமும்

ஏற்றும்போது எதிர் எடை முதலில், டெலஸ்கோப் பிறகு. இறக்கும்போது டெலஸ்கோப் முதலில். இந்த வரிசையை மாற்றினால், அச்சைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் நழுவிய நொடியில் குழாய் சுழன்று முக்காலியில் மோதும். தண்டின் நுனியில் இருக்கும் திருகாணி அலங்காரத்துக்கு அல்ல, 5 கிலோ எடை உங்கள் காலில் விழாமல் இருப்பதற்கு.

பிறகு சமநிலை. ஆர்.ஏ. கிளட்சைத் தளர்த்தி, தண்டைப் படுக்கை வாட்டில் வைத்துக் கையை எடுங்கள், எந்தப் பக்கமும் இறங்கக் கூடாது. டெக்கிலும் அப்படியே, கேமரா, டியூ ஹீட்டர் (லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பட்டை), கேபிள் எல்லாம் மாட்டிய பிறகு. இதெல்லாம் சரியாக வந்தபின் ஆர்.ஏ.வில் கிழக்குப் பக்கத்தை ஒரு துளி கனமாக்குங்கள். ஏன் என்றால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதைத்தான் பேக்லாஷ் என்பார்கள். சரியான சமநிலையில் பற்கள் அந்த இடைவெளிக்குள் இப்படியும் அப்படியும் தளும்பும், கிழக்கு கொஞ்சம் கனத்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து அழுத்திக்கொண்டு போகும். மாட்டு வண்டி ஏற்றத்தில் போகும்போது கயிறு தளராமல் இருக்கும் இல்லையா, அது மாதிரி. நட்சத்திரம் உச்சியைத் தாண்டியதும் குழாயும் எதிர் எடையும் கிழக்கு மேற்காக இடம் மாறும்படி மவுண்ட் திரும்பிக்கொள்ளும், அதற்குப் பிறகு கனமும் பக்கம் மாறிவிடும், எடையை ஒரு விரலளவு நகர்த்த வேண்டும்.

மவுண்டின் பெட்டியில் போட்டிருக்கும் தாங்கும் எடை கண்ணால் பார்ப்பவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. அளவுக்கு மேல் ஏற்றினாலும் மோட்டார் இழுக்கும், காற்றடித்தால்தான் தெரியும்.

உள்ளே இருப்பது வார்ம் கியர்: திருகு மாதிரி ஒரு தண்டு சுழன்று பெரிய பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும். பிரபலமான ஈக்யூ6 வகை மவுண்டில் 180 பற்கள். ஒரு பல் நகர 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எச்ஈக்யூ5இல் 135 பற்கள், ஒரு பல்லுக்குப் பத்தரை நிமிடம். பற்சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. என்றால் அதன் விளிம்பில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது கால் மைக்ரான். தலைமுடியின் பருமனில் சில நூறில் ஒரு பங்கு. அவ்வளவு துல்லியமாக எந்தப் பட்டறையாலும் நம் விலைக்குக் கடைந்து தர முடியாது. ஆகவே திருகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கொஞ்சம் முந்தும், ஒரே இடத்தில் கொஞ்சம் பிந்தும். இதுதான் பீரியாடிக் எரர். பழுது கிடையாது, எல்லா வார்ம் மவுண்டுக்கும் உள்ள சுபாவம். உங்கள் படங்களில் நாலு நன்றாகவும் அடுத்த மூன்று இழுத்தும் மறுபடி நாலு நன்றாகவும் வந்தால் காரணம் இதுதான். இப்போது வரும் ஹார்மோனிக் மவுண்ட்களில் எதிர் எடை இல்லாமலே சமாளிக்கலாம், தூக்கிப் போக லேசு. ஆனால் அவற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு, கைடிங் இல்லாமல் நீளப் படம் எடுக்க அவை தோதல்ல.

கைடிங் என்றால், பெரிய டெலஸ்கோப்பின் முதுகில் ஒரு குட்டி டெலஸ்கோப்பும் குட்டிக் கேமராவும். அது ஒரு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும், நகர்ந்தால் கணினி மவுண்டைத் தட்டிச் சரிசெய்யும். பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது, பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பழகுபவர்கள் செய்யும் தப்பு, கைடிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சமநிலையையும் வடக்கையும் விட்டுவிடுவது. இன்னொரு தப்பு, கைடு கேமராவை அரை நொடிக்கு ஒரு முறை படமெடுக்க விடுவது. அப்போது அது நட்சத்திரம் காற்றில் மினுக்குவதையெல்லாம் நகர்வு என்று நினைத்துத் துரத்தும், மவுண்ட் நடுங்கும். 2 அல்லது 3 நொடி வையுங்கள். திரையில் ஆர்எம்எஸ் என்று ஒரு எண் ஓடும், நட்சத்திரம் சராசரியாக எத்தனை ஆர்க்செகண்ட் நழுவுகிறது என்பதுதான் அது. அந்த எண் உங்கள் படத்தின் ஒரு பிக்சல் பிடிக்கும் ஆர்க்செகண்டுக்குக் கீழே இருந்தால் சரி, அதோடு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். முதலில் சொன்ன 200 மி.மீ. லென்ஸ்காரருக்கு அது 4.4, அதனால் 2 வந்தாலே அவர் நிம்மதியாக இருக்கலாம். இணையத்தில் யாரோ 0.4 என்று போட்டிருந்தால் அது அவர் டெலஸ்கோப்புக்குத் தேவை.

மவுண்டைக் காப்பாற்றுவது

பராமரிப்பு என்றால் உடனே கழற்றி கிரீஸ் போடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கோளாறு பவரில்தான் தொடங்கும். நிறைய மவுண்ட்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, 11க்குக் கீழே போனால் மோட்டார் திணறும். பழைய பேட்டரி, நீளமான மெல்லிய ஒயர், தளர்ந்த ஜாக் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சும்மா நிற்கும்போது 12 காட்டும், வேகமாகத் திரும்பும்போது சரியும். சில மவுண்டில் பவர் விளக்கு மினுக்கிக் காட்டும். ஒரு முறை மவுண்ட் திரும்பும்போதெல்லாம் கன்ட்ரோலர் அணைந்து அணைந்து எரிந்தது. போர்டு போய்விட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் ஜாக் உள்ளே இருக்கும் தகடு அகன்று போயிருந்தது. ஜாக்கில் நடு ஊசிதான் பாசிட்டிவா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் எந்தப் புது அடாப்டரையும் சொருகாதீர்கள், மாறிப் போனால் போர்டு அப்படியே போய்விடும். கன்ட்ரோலர் கேபிளைப் பவர் இருக்கும்போது கழற்றி மாட்டுவதும் வேண்டாம். அதன் முனை இன்டர்நெட் கேபிள் மாதிரியே இருக்கும், அந்த நினைப்பில் லேப்டாப்பில் சொருகிவிடாதீர்கள்.

சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். நல்ல நிலையில் வேகமாகத் திரும்பும்போது வரும் ரீங்காரம் ஒரே சீராக இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் குரல் தடித்தால் அங்கே பல் இறுகுகிறது. மாதம் ஒரு முறை, பாரமெல்லாம் இறக்கிவிட்டு, கிளட்சை இறுக்கி, எதிர் எடைத் தண்டின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஒரு தளர்ச்சி கையில் தெரிந்தால் திருகுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது. அதைச் சரிசெய்ய மவுண்டின் பக்கத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் சின்ன ஆலன் திருகாணிகள் இருக்கும், கையேட்டில் இடம் காட்டியிருப்பார்கள். ஒன்றை எட்டில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்தி, மற்றதை அதே அளவு இறுக்கி, மவுண்டை முழுச் சுற்றுச் சுற்றவிட்டுக் கேளுங்கள். திணறினால் பின்வாங்குங்கள். தளர்ச்சி முழுதும் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு இடத்தில் இறுகி மோட்டார் நின்றுவிடும். கொஞ்சம் தளர்ச்சியோடு வாழ்வதே மேல், கைடிங் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம். வாரண்டி இருக்கும்வரை திறக்காதீர்கள். நாலைந்து வருடம் ஓடி, சத்தமும் மாறி, கைடிங் எண்ணும் கெட்டுப் போனால் திறக்கலாம். நான் திறந்தபோது சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் இட்லித் தட்டின் குழியில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் இல்லையென்றால் இன்றுவரை அது பெட்டியில் உதிரியாகத்தான் கிடந்திருக்கும். உள்ளே கிரீஸ் கறுத்துப் பிசின் மாதிரி இருந்தது, ஓரத்தில் ஒரு செத்த எறும்பு. கால் மைக்ரான் கணக்கை நினைத்துப் பாருங்கள், அதில் ஓர் எறும்பு! பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியாலும் பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் முழுக்கத் துடைத்துவிட்டு, லேசான லித்தியம் கிரீஸைப் பற்களில் ஒரு படலமாகத் தடவினால் போதும். அப்புவது வேண்டாம், அதிகமானால் வழிந்து கிளட்சில் போய் வழுக்கும். பழையதன் மேலேயே புதியதைப் போடக் கூடாது, இரண்டு வகை கிரீஸ் கலந்தால் கட்டி தட்டலாம். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் பக்கம் போகவே வேண்டாம். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனியும் உப்பும் தனி. மார்கழி இரவில் குழாயில் சொட்டச் சொட்ட இறங்கும் பனி மவுண்டிலும் இறங்கும். விடியற்காலையில் தூக்கம் கண்ணைச் சுற்ற அப்படியே பெட்டியில் வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே இருந்து திருகாணிக்குத் துரு, போர்டுக்குப் பச்சைப் பூஞ்சணம். வீட்டுக்குள் கொண்டுவந்து, துடைத்து, மின்விசிறிக்குக் கீழே திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், பெட்டியை மத்தியானம் மூடிக்கொள்ளலாம். கடலோர ஊர்க்காரர்கள் எதிர் எடைத் தண்டையும் முக்காலித் திருகாணிகளையும் ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள், பற்களில் படாமல். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். காரில் கொண்டுபோகும்போது இரண்டு கிளட்சையும் தளர்த்தி வைத்தால் பள்ளத்தில் விழும் அடி பற்களில் இறங்காது.

அப்புறம், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மவுண்ட் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் இல்லையா, அப்போது மாதம் ஒரு முறையாவது ஹாலில் வைத்து, டெலஸ்கோப் எதுவும் ஏற்றாமல், இரண்டு அச்சையும் முழுச் சுற்று இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள். ஒரே இடத்தில் தேங்கிய கிரீஸ் பரவும், எறும்பு குடியேறியிருந்தால் வெளியே வரும், பேட்டரி இறங்கியிருந்தால் அதுவும் அன்றே தெரிந்துவிடும். தை மாதத்து முதல் தெளிந்த இரவில் மாடியில் நின்றுகொண்டு இதையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.